குந்துங்க என்று சொன்னால் குந்த முடியணும்

கடலூர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவரைப் பெரியவர்கள் "குந்துங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். திண்ணையானாலும் நாற்காலியானாலும் அதே சொல்தான். கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் ஆன ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், எங்கே நாற்காலி என்று கண் தேடும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கும். "நல்லா இருக்கு, நடக்கலாம்" என்று ஓபி சீட்டில் எழுதியிருக்கும். ஆள் நடக்கவும் செய்வார். பாதத்தைத் தரையில் ஊன்றிக் குத்தவைத்துக் குந்த மட்டும் வராது.

சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 90, 100 வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 100-ஐ ஒட்டி வேண்டும். தரையில் குந்த 130-க்கு மேல் போக வேண்டும். 90 டிகிரியோடு நின்றுபோன முழங்கால் வங்கியில் வேலை பார்ப்பவருக்குப் போதும், அவர் பைக்கும் ஓட்டிக்கொள்வார். அதே முழங்கால் களை எடுப்பவருக்கும், பண்ருட்டியில் தரையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பவருக்கும், தாழங்குடாவில் மணலில் குந்தி வலையைச் சரிபார்ப்பவருக்கும் பாதிக் கூலிகூட வாங்கித் தராது. வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கக்கூஸ் என்றால் தினமும் விடிந்ததும் ஒரு போராட்டம் வேறு.

ஆகவே கிராமத்தில் கால் குணமாவதை அளக்க வேண்டிய அளவுகோல் வேறு. அந்த அளவை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் நாளிலேயே மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது. முழங்கால் மடக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு எளிதான காலம் முதல் ஆறு வாரம். மூன்று மாதம் வரைக்கும் முயன்று பெறலாம். அதைத் தாண்டினால் தசைக்கும் எலும்புக்கும் நடுவில் ஒட்டுத்திசு இறுகிவிடும். பிறகு மயக்கம் கொடுத்து மடக்குவது, இன்னொரு ஆபரேஷன் என்று போகும்.

ரோட்டில் விழுந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளை நகர்த்தாமல் இருப்பதே நல்லது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் மடித்த லுங்கியோ போர்வையோ வைத்து, தொடை, முழங்காலுக்கு மேல், கீழ், கணுக்கால் என்று நான்கு இடத்தில் கட்ட வேண்டும். முறிந்த இடத்தின் மேல் முடிச்சு விழக் கூடாது. வளைந்திருக்கும் காலை நேராக்க இழுக்காதீர்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியை நனைத்து மூடினால் போதும். காபித்தூளும் மஞ்சளும் போட்டால் ஆபரேஷன் மேஜையில் அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் போகும், எடுத்த பிறகும் சீழ் வைக்கும். போலீஸ் கேஸ் வரும் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ஒன்று: நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் எந்தப் பொறுப்பும் விழாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தது.

செலவைப் பற்றிய பயமும் முன்பு போல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். ரேஷன் கார்டு, ஊர், மாநிலம் எதையும் கேட்கக் கூடாது. நல்ல திட்டம், உயிர் பிழைக்க வைக்கிறது. 49-ஆவது மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அந்தக் கால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தப் பதிவின் கவலை.

கட்டு இறுகினால்

மாவுக்கட்டோ, துணிக்கட்டோ, நாட்டுக்கட்டோ, எதுவாக இருந்தாலும் முதல் மூன்று நாள் ஆபத்து ஒன்றுதான். உள்ளே வீக்கம் ஏறும், வெளியே கட்டு இடம் தராது. தசை இருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் போவது நிற்கும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தசை சாக ஆரம்பிக்கும். திட்டக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கடலூருக்கு வருவதென்றால் அந்த நேரத்தில் பாதி பயணத்திலேயே கரைந்துவிடும். ஆகவே வீட்டிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கால் விரல் சில்லிட்டு நீலமாகும்வரை காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அது கடைசி அடையாளம். முதல் அடையாளம் வலி. மாத்திரை போட்டும் குறையாமல் மணிக்கு மணி கூடுகிற வலி. இன்னொருவர் அடிபட்ட காலின் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக மேலே மடக்கிப் பார்க்கட்டும். கெண்டைக்காலில் உயிர் போகிற வலி வந்தால் அதுதான். விரல் இடுக்கில் மரத்துப்போவதும் சேர்ந்துகொள்ளும். உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். மேலே ஒரு இடத்தில் கத்தரித்துவிட்டு நிறுத்தக் கூடாது. மேலிருந்து கீழ்வரை, பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிரிக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா இருந்தால்கூடச் செய்துவிடலாம். சாதாரண வீக்கத்துக்குக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கி வைக்காதீர்கள், நெஞ்சு மட்டத்திலேயே இருக்கட்டும். மேலே தூக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் ஏறாது. பிரித்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நாட்டுக்கட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதை ஒரேயடியாகத் திட்டுவது நேர்மை ஆகாது. விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடும், ஏனென்றால் கூட்டுவது உடம்பு. கட்டுபவருக்குப் பேர் கிடைப்பது அந்த மாதிரிக் கேஸ்களில்தான். விலகிய முறிவு, தோல் கிழிந்த முறிவு, குழந்தையின் முழங்கை, மூட்டுக்குள் போன முறிவு, இந்த நான்கையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. எக்ஸ்ரே எடுக்காமல் எது விலகியது எது விலகாதது என்று விரலால் தடவிச் சொல்ல, நாட்டுக்கட்டுக்குப் பேர்போன ஆந்திரத்துப் புத்தூரிலேயே ஆள் கிடையாது. அப்படியும் ஆபரேஷன் பயத்தில் அங்கே போவேன் என்பவர், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டாவது போகட்டும்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டியது

"நடக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் "நடக்கலாம்" என்று பதில் வரும். வாக்கரோடு, காலை ஊன்றாமல் நடப்பதும் நடைதான். கேட்க வேண்டிய கேள்வி, "காலை ஊனலாமா? எவ்வளவு ஊனலாம்? எந்தத் தேதியிலிருந்து?" ஊன்றவே கூடாது, விரல் நுனி தொடலாம், பாதி எடை, முழு எடை என்று நான்கு படி இருக்கிறது. எந்தப் படி என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த கேள்வி, "முழங்காலை மடக்கலாமா, எவ்வளவு?" மூன்றாவது, "குந்தலாம் என்று எப்போது சொல்வீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேட்டால்தான் இவர் வேலை தரையில் என்பது டாக்டருக்கே உறைக்கும்.

கெண்டைக்கால் எலும்புக்குள் ராடு போட்டவரைச் சீக்கிரமே ஊன்றச் சொல்வார்கள். முழங்காலை ஒட்டி மூட்டுக்குள் முறிந்து பிளேட் வைத்தவர் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஊன்றக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது வாரமே நடந்தார் என்று இவரும் ஊன்றினால் மூட்டுத் தட்டு கீழே இறங்கிவிடும். இரண்டு பேருக்கும் "கால் உடைஞ்சது" என்றுதான் ஊர் சொல்லும், அதனால்தான் இந்தக் குழப்பம்.

பாதி எடை என்றால் என்ன என்பது காலுக்குத் தெரியாது, பழக்க வேண்டும். மெடிக்கல் கடையில் இருக்கும் எடை மெஷினே போதும். அடிபட்ட காலை அதன் மேல் வைத்து, நல்ல காலைப் பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகையில் வைத்து, வாக்கரைப் பிடித்தபடி மெதுவாக அழுத்துங்கள். 60 கிலோ ஆளுக்குப் பாதி 30. முள் 30-இல் நிற்கும்போது கால் எப்படி உணர்கிறது என்பதைப் பத்துத் தடவை செய்து மனதில் பதிய வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தலையணை எங்கே வைப்பது

வீட்டுக்கு வந்ததும் அன்பினால் நடக்கும் முதல் கெடுதல், முழங்காலுக்கு அடியில் தலையணை. சுகமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் முழங்கால் முழுசாக நீளாது. கடைசி 10 டிகிரி நீளாத கால் நொண்டும், ஆயுள் முழுக்க. தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். குதிகால் மட்டும் பலகையில் அழுந்திப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளியென்றால் தினம் இருவேளை குதிகாலைத் திருப்பிப் பாருங்கள், அவருக்குப் புண் வந்தாலும் தெரியாது.

படுத்த இடத்திலேயே செய்ய வேண்டியது மூன்று. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருபது தடவை. இது ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோல் காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணிவிட்டு விடுவது, பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். தொடைத் தசை கரைவது முதல் இரண்டு வாரத்தில்தான் வேகம், நாடாவால் அளந்தால் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. தொடை எலும்பு முறிந்தவர் இதை டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அதைப் பிசைந்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் 108.

கட்டில் உயரம் முக்கியம். நாடாக் கட்டில் நடுவில் தொய்ந்து 12 அங்குலத்துக்கு இறங்கிவிடும், ஒற்றைக் காலில் எழுந்திருக்க முடியாது. 18 அங்குலப் பலகைக் கட்டில் நல்லது. கக்கூஸுக்கு கமோடு நாற்காலி வாங்க முடியாவிட்டால், இரும்புப் பட்டறையில் அதே 18 அங்குலத்துக்கு நான்கு கால் ஸ்டூல் அடித்து, நடுவில் வட்டம் விட்டு, கால் நான்கிலும் ரப்பர் புஷ் மாட்டச் சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைப்பதைப் பல வீட்டில் செய்கிறார்கள். ஓட்டை போட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடி ஒரு நாள் உட்காரும்போதே பிளக்கும். வேண்டாம்.

அக்குள்கட்டையின் தலைக்கும் அக்குளுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு மடியும் உயரத்தில். உடம்பைக் கைதான் தாங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மணிக்கட்டே தூக்க வராமல் போகும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஒற்றைக் கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில். ஊரில் பாதிப்பேர் அடிபட்ட பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அடிமட்ட ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈர சிமெண்ட் தரையில் இரண்டாவது முறிவு வருவது அந்தத் தேய்ந்த ரப்பரால்தான்.

உர சாக்கும் டெய்லர் நாடாவும்

மடக்கலாம் என்று அனுமதி வந்த அன்றே ஆரம்பிக்க வேண்டும். சுத்தமாகக் கழுவிய உர சாக்கு ஒன்றைத் தரையிலோ கட்டிலிலோ விரித்து, குதிகாலுக்கு ஒரு பழைய துணியைச் சுற்றி, அதன் மேல் குதிகாலை வழுக்கியபடி பிட்டத்தை நோக்கி இழுங்கள். சாக்கு வழுக்கும், அதனால் தசைக்குப் பாதி வேலைதான். வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி பத்து எண்ணுங்கள். இன்னும் ஒரு விரற்கடை இழுங்கள். மறுபடி பத்து. பிறகு நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்து, தினம் மூன்று நான்கு வேளை. காலையில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்துவிட்டு நாள் முழுக்க விடுவது வேலைக்காகாது, மூட்டு மறுபடி இறுகிவிடும். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, நல்ல காலின் குதியால் மற்றதைப் பின்னால் தள்ளுவது அடுத்த படி.

எவ்வளவு வந்திருக்கிறது என்று அளக்க டிகிரிக் கருவி தேவையில்லை. முழுசாக மடக்கிய நிலையில் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று டெய்லர் நாடாவால் ஞாயிறுதோறும் அளந்து காலண்டரில் எழுதுங்கள். நல்ல காலையும் ஒரு தடவை அளந்து மேலே எழுதி வையுங்கள், அதுதான் இலக்கு. இரண்டு வாரம் எண் குறையாமல் நின்றால் அடுத்த ஓபிக்காகக் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

முழங்கால் முழுசாக மடங்கியும் குந்த வராமல் பின்பக்கம் விழுபவர்கள் உண்டு. காரணம் கணுக்கால். மாவுக்கட்டுக்குள் பாதம் கீழ்நோக்கிக் கிடந்து குதிகாலுக்கு மேலே பின்பக்கத் தசைநார் சுருங்கியிருக்கும். இதற்குச் சுவர் சோதனை: சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தி மறுபடி. கட்டைவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தும் முழங்கால் தொட்டால் குந்துவதற்குக் கணுக்கால் தயார். அதுவரை துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, தன் பக்கம் இழுத்து முப்பது எண்ணுவது, ஐந்து தடவை, மூன்று வேளை. கட்டு இருக்கும்போதே டாக்டரிடம் "பாதம் நேரா இருக்கா?" என்று கேட்டிருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

எண்ணெய் போட்டு நீவுவது? தோல் ஆறிய பிறகு தசை மேல் மெதுவாகத் தடவினால் சுகம், பரவாயில்லை. மூட்டைப் பிடித்து முறுக்கி, "சுளுக்கு எடுக்கிறேன்" என்பதுதான் ஆபத்து. முழங்கையில் அப்படி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை நடுவில் பூட்டிக்கொள்ளும். மடக்குகிற வேலையை நோயாளியின் சொந்தத் தசை செய்ய வேண்டும்.

பத்தியம்

முட்டை, மீன், கடலை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று, பெண்களுக்கு முக்கியமாக, ரசம் சோறு மட்டும் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புண்ணும் எலும்பும் ஆறத் தினமும் உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 கிராம். இரண்டு முட்டை 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு டம்ளர் பால் 6, நூறு கிராம் நெத்திலி 20-ஐ ஒட்டி, மீதி சோறும் பருப்பும். ஆட்டுக்கால் சூப் நல்ல ருசி, ஆனால் அதை நம்பி முட்டையை விடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். பீடி எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். மூன்று மாதம் விட முடியாதா என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் இவ்வளவு சாப்பிட்டும் பயனில்லை.

யாரைப் பிடிப்பது

பிசியோதெரபிக்குத் தினமும் டவுனுக்குப் போக ஆட்டோ, கூட ஒரு ஆளின் கூலி என்று கணக்குப் போட்டு இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு உண்டு. சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் திட்டமாகத்தான் பலருக்கு அது தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, பேரைப் பதியச் சொல்லுங்கள். வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர் தினமும் வர மாட்டார். ஒரு தடவை வரும்போது நான்கு பயிற்சியைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவர் அதை போனில் வீடியோ எடுத்துவைத்தால் அடுத்த வருகைவரை ஓடும்.

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு கடலூருக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ திரும்புகிறவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே பிலிம், உள்ளே வைத்த பிளேட், ராடு விவரம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, மழை நீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். அது இல்லாமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் எதையும் முடிவெடுக்க முடியாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் அந்த முதல் படியின் உயரத்துக்கு முழங்கால் மடங்க வேண்டும், அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குந்தும் நாள்

ஒரு கூட்டத்தாருக்கு இந்த இலக்கே பொருந்தாது. இடுப்பு எலும்பு முறிந்து பந்து மாற்றிய முதியவர்கள் குந்தக் கூடாது, சப்பணம் போடக் கூடாது, தாழ்ந்த மணையில் உட்காரக் கூடாது. பந்து நழுவிவிடும். அவர்களுக்கு ஸ்டூல்தான், நிரந்தரமாக.

மற்றவர்கள், எலும்பு கூடி முழு எடைக்கு அனுமதி கிடைத்த பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆரம்பிக்கலாம். முதலில் 12 அங்குல ஸ்டூல் வரை இறங்கி எழுவது, பத்துத் தடவை. அது சுலபமானதும் 8 அங்குலம், பிறகு மணை. மணையையும் எடுத்துவிட்டால் குதிகாலுக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகை வைத்துக்கொண்டு குந்துங்கள். கணுக்கால் இளக இளக ஒரு அங்குலம், அரை அங்குலம், பிறகு வெறும் தரை. கடைசியாகக் கம்பியை விட வேண்டும்.

சேற்று வயல் கடைசிப் பாடம். சேற்றில் குதிகால் புதையும், காலைப் பிடுங்கி எடுக்கக் கெண்டைத்தசை முழுசாக வேலை செய்ய வேண்டும். அதனால் முதல் வாரம் காய்ந்த நிலத்தில் களை, அரை மணி நேரம் மட்டும். வீட்டுக்கு வந்ததும் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் காலைத் தூக்கி வைத்துத் தூங்குங்கள். விடிந்ததும் மறுபடி அழுத்திப் பார்த்து, குழி இல்லையென்றால் அன்றும் அரை மணி, இருந்தால் கால் மணி.